கிலோ கணக்கில் கைவேலை

அகமதாபாத்தில் இருக்கும் நண்பர் வற்புறுத்தி அழைத்துப் போன இடம், ‘விஷாலா’ உணவக வளாகத்தில் உள்ள பாத்திர அருங்காட்சியகம். சுரேந்திர பட்டேல் 1978இல் தொடங்கிய உணவகம் அது. எவர்சில்வர் வந்ததும் குஜராத் வீடுகளின் செம்பும் பித்தளையும் பழைய சாமான் கடை வழியாக உலைக்குப் போய்க்கொண்டிருந்தன. மனம் பொறுக்காமல் அவற்றை வாங்கிச் சேர்த்தார் பட்டேல். ஆய்வாளர் ஜோதீந்திர ஜெயின் துணைநிற்க, 1981இல் ‘வேச்சார்’ என்ற இந்த அருங்காட்சியகம் உருவானது. இன்று 4,000க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் இருக்கின்றன.

பாக்குவெட்டிகளை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு பொழுதைக் கழிக்கலாம். என்னை நிறுத்தியது ஒரு செப்புக்குடம். மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் தனித்தனியாக அடித்து, விளிம்புகளைப் பல்பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துப் பித்தளையால் பற்றவைத்திருக்கிறார்கள். அந்த இணைப்பு, சிவந்த வயிற்றைச் சுற்றி மஞ்சள் ரேகையாக ஓடுகிறது. பல பாத்திரங்களில் உடைமையாளர் பெயர் புள்ளிபுள்ளியாக வெட்டப்பட்டிருக்கிறது, நம் வீட்டுச் சீர்ப்பாத்திரங்களில் இருப்பது போலவே. செய்தவர் பெயர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அந்தக் கைகளைத் தேடித்தான் பழைய நகரத்தின் மாணேக் சௌக் பக்கம் போனோம். பாத்திரம் அடிக்கும் கன்சாரா சமூகத்துப் பெரியவர் ஒருவர், இரும்பு முளையில் குடத்தைக் கவிழ்த்து மாட்டி அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடியும் காசளவு தழும்பு. அதன் ஓரத்தைத் தொட்டபடி அடுத்தது. இந்த அடியில்தான் உலோகம் இறுகும். இல்லாவிட்டால் இடுப்பில் வைத்த குடம் நசுங்கிவிடும். தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்பதை அவருக்குக் காதுதான் சொல்கிறது. ஓசை மாறியதும் சுத்தியல் இடம் மாறுகிறது.

“கூலி எப்படி, காகா?” என்று கேட்டேன். நண்பர் குஜராத்தியில் கேட்டுச் சொன்னார்.

தகடு வியாபாரியுடையது. கூலி கிலோவுக்கு இவ்வளவு. கனத்த பாத்திரத்துக்கு அடி குறைவு, எடை அதிகம். மெல்லிய, நேர்த்தியான பாத்திரத்துக்கு அடி அதிகம், எடை குறைவு. அதாவது, வேலை நுணுக்கமாக ஆக ஆகக் கூலி இறங்குகிறது! அதே பாத்திரம் கடைக்குப் போனதும் ‘கைவேலை’ என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். வாங்கும்போது எடை, விற்கும்போது கலை. இது வியாபார சாமர்த்தியம் அல்ல, திருட்டு. பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்ற ஊரின் தட்டேரா சமூகத்தாருடைய பாத்திரத் தொழிலை 2014இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால், அடிக்குக் கூலி தராமல் எந்தப் பட்டியலாலும் எந்தப் பட்டறையும் பிழைக்காது.

“குடத்தின் அடியில் உங்கள் பெயரை வெட்டலாமே?”

சுத்தியலை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “புதுச் சாமானில் கீறல் என்று சேட் விலையைக் குறைப்பார்.”