அம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது?

கடந்த தீபாவளி விடுமுறை முடிந்து சுங்கைப்பட்டாணியிலிருந்து ஷா ஆலாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் காரை ஓட்ட, பக்கத்தில் நான். பின்னிருக்கையில் பத்து வயது மகள், ஏழு வயது மகன், வலப்பக்க ஜன்னலோரம் அம்மா. பினாங்குப் பாலத்தை நெருங்கும் முன்பே நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கிவிட்டது. முறுக்கு டின்னும் காலி, பிள்ளைகளின் பொறுமையும் காலி.

"ஆளுக்கொரு பாட்டு போடலாமா?" என்றாள் மகள். விதிகளையும் அவளே வகுத்தாள். ஒருவர் கேட்கும் பாட்டை மற்றவர் குறை சொல்லக்கூடாது. பாட்டு முடிவதற்குள் அது ஏன் பிடிக்கும் என்று சொல்லிவிட வேண்டும்.

மகன் ஒரு குத்துப்பாட்டைக் கேட்டான். காரணம், "ஆடலாம்." கணவர் வழக்கம்போல் இளையராஜா. "இளையராஜாவுக்கெல்லாம் காரணம் கேக்கக்கூடாது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். மகளும் நானும் எங்கள் பாடல்களைப் போட்டு முடித்தோம்.

"பாட்டி, உங்க பாட்டு?"

"எனக்கென்ன பாட்டு? நீங்க போடுங்க, நான் கேக்குறேன்."

மகள் விடவில்லை. என் தோளைத் தட்டினாள். "அம்மா, பாட்டிக்குப் பிடிச்ச பாட்டு எதும்மா? நீங்க சொல்லுங்க."

"பாசமலர்..." என்று தொடங்கினேன். உடனே நிறுத்திவிட்டேன். அது அம்மாவின் பாட்டு இல்லை. அப்பாவின் பாட்டு.

எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. வீட்டில் எல்லாருடைய பாட்டும் எனக்குத் தெரியும். அம்மாவின் பாட்டு எது என்று தெரியவில்லை.

அப்பாவுடையது 1961-இல் வந்த 'பாசமலர்' படத்தின் தாலாட்டு. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில், டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியது. வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் வீட்டில் யாரும் பேசக்கூடாது. அப்பா லோரி ஓட்டுநர். வாரத்தில் நான்கு நாள் சாலையில்தான் இருப்பார். வீட்டில் இருக்கும் நாள்களில், கூடத்து மேசையில் இருந்த ரேடியோவும் கேசட் பெட்டியும் அவருடையவை. அந்தப் பாட்டு ஒலிக்கும்போது கையில் இருக்கும் தேநீர் ஆறிப்போகும். சிறு வயதில் எனக்கு அது சலிப்பாக இருக்கும். இவ்வளவு பழைய பாட்டில் அழ என்ன இருக்கிறது என்று நினைப்பேன்.

பிறகுதான் தெரிந்தது. தாத்தா இறந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனார். மூன்று தங்கைகளையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்த பிறகே தனக்குப் பெண் பார்க்கச் சொன்னார். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவில் சின்ன அத்தை என்னை அழைத்து, "அண்ணன் பாட்டைக் கொஞ்சம் போடும்மா" என்றார். கைத்தொலைபேசியில் போட்டேன். மூன்று அத்தைகளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். அன்றும் யாரும் பேசவில்லை.

அண்ணனுடையது 2000-இல் வந்த 'அலைபாயுதே' கேசட். பள்ளி விடுமுறையில் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அவன் வாங்கிய முதல் பொருள் அதுதான். யாரையும் தொடவிட மாட்டான். அவன் இல்லாத நேரம் பார்த்து நான் கேட்பேன். ஒருநாள் நாடா சிக்கிக்கொண்டது. பென்சிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி ஒருவழியாகச் சரிசெய்து வைத்தேன். ஓர் இடத்தில் மட்டும் ரஹ்மானின் இசை தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிட்டது. அண்ணன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் எனக்குத் தகவல் அனுப்புவான். "இங்க நல்லாதான் கேக்குது. நம்ம வீட்டுல மட்டும் ஏன் அப்படி?" இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரையை அவன் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

என்னுடையது அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. 2001, நான் மூன்றாம் படிவம். பி.எம்.ஆர். தேர்வு எழுத வேண்டிய வருடம். ஹாரிஸ் ஜெயராஜின் முதல் படமான 'மின்னலே'யில் தாமரை எழுதி, பம்பாய் ஜெயஸ்ரீ பாடிய பாட்டு. அதுவரை நான் கேட்ட காதல் பாடல்களில் பெரும்பாலும் ஆண்தான் பெண்ணை வருணிப்பான். இதில் ஒரு பெண், தனக்கு என்ன வேண்டும் என்று அவசரமில்லாமல், வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டு போகிறாள். பதினைந்து வயதில் அது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. இரவு பத்து மணிக்கு, அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சின்ன ரேடியோவில் சத்தத்தைக் குறைத்து அந்தப் பாட்டுக்காகக் காத்திருப்பேன். அம்மா மைலோ கொண்டுவந்து வைப்பார். வைத்துவிட்டு உடனே போகமாட்டார். கதவோரம் கொஞ்ச நேரம் நிற்பார். படிக்கிறேனா இல்லையா என்று வேவு பார்க்கிறார் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

இப்படி அப்பாவின் பாட்டு, அண்ணனின் பாட்டு, என் பாட்டு என்று எல்லாவற்றிலும் அம்மா எங்கோ ஓரத்தில் இருந்திருக்கிறார். தேநீர் கலக்கிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, கதவோரம் நின்றுகொண்டு. அவருக்கென்று ஒரு பாட்டு இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

காருக்கு வருகிறேன். பினாங்குப் பாலத்துக்குத் திரும்பும் வழியைக் காட்டும் பலகை தெரிந்தது. வண்டிகள் நத்தைபோல் நகர்ந்தன. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, திரும்பாமலேயே கேட்டார்.

"அதுல அலிகேட்ஸ் பாட்டு இருக்குமா?"

கணவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அலிகேட்ஸ் பினாங்கில் உருவான இசைக்குழு. சுருட்டை முடியைக் கூடைபோல் வளர்த்திருந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள்தான் அதன் முகம். நம் இனத்துப் பிள்ளைகள். பாடியதோ பெரும்பாலும் மலாயில். நாடே கொண்டாடியது.

அம்மா பெயர் சொன்ன பாட்டு 'சம்பைக்கான் சலாம் சிந்தாக்கு'. என் அன்பைக் கொண்டு சேர்த்துவிடு என்பதுபோன்ற பொருள் கொண்ட தலைப்பு. தேடியதும் கிடைத்தது. லோகநாதனின் குரல் காரில் நிறைந்தது. இரண்டாவது வரியிலிருந்து அம்மாவும் மெல்லப் பாடத் தொடங்கினார். சந்தையில் மீன் விலை கேட்கும் மலாய் இல்லை அது. ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்தது.

"பாட்டிக்கு மலாய்ப் பாட்டு தெரியுமா!" என்று மகன் வாயைப் பிளந்தான்.

"காரணம் சொல்லணும் பாட்டி" என்று மகள் விதியை நினைவூட்டினாள்.

அம்மா சொன்னார். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், பதினெட்டு வயதில் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போனார். 1972-இல் அங்கே தடையற்ற வாணிப மண்டலம் உருவானதும், மின்னணுத் தொழிற்சாலைகள் வந்ததும், தோட்டத்திலும் கம்பத்திலும் இருந்து பெண்கள் வேலைக்குப் போனதும் நான் பள்ளியில் படித்த பாடம். 'கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பெக்டரியில் இருந்தாங்க' என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்து நான் பார்த்ததே இல்லை.

நாள் முழுவதும் நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைக்கும் வேலை. ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு வாடகை வீடு. சனிக்கிழமை வேலை முடிந்து படகுத்துறைக்குப் போய், ஃபெரியில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து தோட்டத்துக்கு பஸ். அப்போது பாலம் கிடையாது, அது 1985-இல்தான் திறக்கப்பட்டது. பெக்டரி பஸ்ஸின் ஓட்டுநரிடம் ஒரு கேசட் இருந்தது. இரவு சிஃப்ட் முடிந்து வரும்போது அவர் அதைப் போடுவார். மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் எல்லாரும் அரைத் தூக்கத்தில் சேர்ந்து பாடுவார்களாம்.

"1984-ல எனக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. கடைசி நாள் பஸ்ல எல்லாரும் சேர்ந்து இந்தப் பாட்டைத்தான் பாடுனாங்க. பக்கத்துல உக்காந்து வேலை செஞ்ச மலாய்ப் பொண்ணு அதே கேசட்டைப் புதுசா வாங்கி எனக்குக் கல்யாணப் பரிசா குடுத்துச்சு."

"அந்தக் கேசட் எங்கம்மா?" என்றேன். எங்கள் வீட்டுக் கேசட் பெட்டியில் அதை நான் பார்த்ததே இல்லை.

"சேலைப் பெட்டியிலதான் இருந்துச்சு. நீ பொறந்த பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். பூஞ்சணம் பிடிச்சிருச்சு."

"ஒரு தடவைகூட போட்டுக் கேக்கலையா?"

"ரேடியோ அப்பாவோடது."

"கேட்டா அப்பா போட்டிருக்க மாட்டாரா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "போட்டிருப்பாரு. நான்தான் கேக்கல."

இந்தப் பதில் வீடு வந்து சேரும்வரை என்னோடு வந்தது. அப்பாவைக் குறை சொல்லக்கூட அம்மா எனக்கு இடம் கொடுக்கவில்லை. அப்பாவும் யாரையும் தடுத்தவர் இல்லை. எங்களில் ஒருவர் கேட்டிருக்கலாம். அண்ணன் கேட்டிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம்.

அப்போதுதான் ஒரு பழைய மாலை நினைவுக்கு வந்தது. 2007 ஜூன் மாதம், பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சிச் செய்தியில் லோகநாதன் ஆறுமுகம் காலமானதைச் சொன்னார்கள். அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து கூடத்தில் நின்றார். செய்தி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் நின்றார். "அம்மா, அடுப்புல ஏதோ தீயுது" என்று நான்தான் சொன்னேன். "ஆமா" என்று உள்ளே போய்விட்டார். அன்று வேறு எதுவும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பதின்ம வயதிலிருந்து இருபதுகள்வரை கேட்ட பாடல்கள்தாம் வாழ்நாள் முழுவதும் நம்மிடம் அழியாமல் நிற்கும் என்று மனநல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அம்மா அதை வேறு மாதிரி சொன்னார். மகள் மீண்டும், "அது கதை பாட்டி, காரணம் என்ன?" என்று கேட்டபோது, "இந்தப் பாட்டைக் கேட்டா எனக்கு இருபத்து மூணு வயசு. கையில என் சம்பளம் இருக்கு" என்றார்.

தன் சம்பளம் என்று அம்மா சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கைத்தொலைபேசியில் அம்மாவின் பெயரில் ஒரு பாடல் பட்டியல் தொடங்கினேன். அதில் ஒரே ஒரு பாட்டு இருந்தது. காலையில் பசியாறும்போது அதைப் போடுவோம். மகன் இப்போது பாதிப் பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறான். பள்ளியில் மலாய் ஆசிரியையிடம் பாடிக் காட்டியிருக்கிறான். இது எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதற்கு, "என் பாட்டியோட பாட்டு" என்றானாம்.

நம் வீடுகளில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. காரில், சமையலறையில், விசேஷ வீடுகளில் ஏதாவது ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கிறது. யார் தேர்ந்தெடுத்தது என்று மட்டும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். இதுவரை தேர்ந்தெடுக்காதவர் ஒருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். முதலில் "எனக்கென்ன பாட்டு" என்றுதான் சொல்வார். கொஞ்சம் காத்திருங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என் அறைக் கதவோரம் வந்து நின்றார். கையில் மைலோ இல்லை.

"அந்தப் பட்டியல்ல ஒண்ணுதான் போடணுமா? இன்னொண்ணும் சேர்க்கலாமா?"

"எத்தனை வேணும்னாலும் சேர்க்கலாம்மா. எந்தப் பாட்டு?"

"பேரு தெரியாது. நீ மூணாம் பாரம் படிக்கிறப்ப ராத்திரியில கேப்பியே, ஒரு பொம்பளை குரல்... ரொம்ப நல்லா இருக்கும். அதுக்காகத்தான் மைலோவைப் பத்து மணிக்குக் கலக்குவேன்."