கருவாட்டுக் குழம்பும் மூணு பாட்டிலும்

முப்பது வருசத்துக்கு மேல திராட்சை வெட்டி லாரி ஏத்தியிருக்கேன். ஒயினை வாயில் வைத்தது போன மாசம்தான். அதுவும் பெங்களூரில், மகள் வீட்டில், மாப்பிள்ளை ஊற்றிக் கொடுத்து. மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே மேஜையில் கிளாஸ் வைத்து உட்கார்ந்தார்கள் என்று எங்க ஊரில் தெரிந்தால் நாலு நாளைக்கு டீக்கடையில் அதுதான் பேச்சு. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

புதுசா வாசிக்கிறவங்களுக்கு: கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி படர்ந்து கிடக்கிற பந்தல். கவாத்து பண்ணினால் நாலு மாசத்தில் வெட்டு. 2023இல் எங்க பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். விலையை இன்னும் வியாபாரிதான் சொல்கிறார். போன வெட்டுக்குக் கிலோ 32 ரூபாய்.

இத்தனை வருசத்தில் ஒயின் என்ற பேச்சே எங்க வீட்டில் வந்ததில்லை. அதற்குக் காரணம் அப்பா. நல்ல உழைப்பாளி. பகலெல்லாம் பந்தலில் மருந்தடித்துவிட்டு, சட்டையெல்லாம் நீலம் பூத்து, அப்படியே சாராயக் கடைக்குப் போவார். 80களில் கடை ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெறும் வயிற்றில் குடிப்பார். அம்மா ஏழு மணிக்கு ஆக்கி வைத்த சோறு பத்து மணிக்கு முற்றத்தில் சிதறிக் கிடக்கும். விடிஞ்சதும் கோழி வந்து பொறுக்கும். தெற்குப் பக்கத்து ஒரு ஏக்கர் அப்படித்தான் கை மாறியது. அவர் 49 வயசில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு எங்க வாசப்படியைத் தாண்டி ஒரு பாட்டில் வந்ததில்லை. இருமல் மருந்தைக்கூட அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாங்க.

அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் பெங்களூர் போனேன். பேத்தி புது வீட்டுக்குக் குடி போயிருக்கு, 78 வயசில் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று அவங்களே கேட்டாங்க. நானும் வீட்டுக்காரியும் அம்மாவும். சாமான் என்று பார்த்தால் ஐஸ் பெட்டியில் இரண்டு நாட்டுக்கோழி, மசால் பொடி, நெத்திலிக் கருவாடு, ஒரு பெட்டி பன்னீர்ப் பழம். ராத்திரி பஸ்ஸில் கருவாட்டு வாசத்துக்குப் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நானும் அவரோடு சேர்ந்து திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடுப்படியை மாமியாரும் மருமகளும் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பா, இத்தனை வருசமா திராட்சை வளக்குறீங்க. அதுல என்ன செய்றாங்கன்னு ஒரு தடவை தெரிஞ்சுக்க வேணாமா? இவர் மூணு பாட்டில் எடுத்து வச்சிருக்கார், நம்ம சாப்பாட்டுக்கு எது பொருந்தும்னு பாக்கலாம்னு." மாப்பிள்ளை பால்கனியில் போய் நின்றுகொண்டார். கோயம்புத்தூர்ப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன். அம்மா காதில் விழுந்துவிட்டது. மகள் நேராக அவங்ககிட்டயே போனாள். "அப்பத்தா, நீங்க வேணாம்னு சொன்னா பாட்டில எடுக்கவே மாட்டோம்."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி. "சோத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"சோத்தோடதான் அப்பத்தா."

"சோத்தோடயா?" அப்படி ஒன்று உண்டு என்பதே அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வேணும் என்றும் சொல்லவில்லை, வேணாம் என்றும் சொல்லவில்லை. உரித்த வெங்காயத்தைத் தூக்கி வீட்டுக்காரி கையில் கொடுத்தாங்க.

மேஜையில் வாழை இலை. மிளகு தூக்கலாகப் போட்ட மட்டன் சுக்கா, நாட்டுக்கோழிக் குழம்பு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, ரசம், மோர். கருவாடு கொதிக்கும்போது மகள் ஓடி ஓடி ஜன்னலைத் திறந்தாள், வாசல் கதவைச் சாத்தினாள். எதிர் வீட்டுக்காரர்கள் சைவமாம்.

மாப்பிள்ளை முதலில் சிவப்பு ஒயினைத் திறந்தார். கேபர்னே சாவின்யோன் என்று பெயர், நந்தி மலைப் பக்கத்துத் தோட்டத்தில் விளைந்தது. "இந்த ரகத்துக்குச் சொந்த ஊர் பிரான்ஸ்ல போர்டோ மாமா" என்றார்.

"போர்டோவா? போர்டோ கலவை போர்டோவா?"

அவருக்குப் புரியவில்லை. திராட்சைக்காரனுக்கு போர்டோ என்றால் மருந்து. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலந்த பிறகு இரும்புக் கத்தியை முக்கிப் பார்க்கணும். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கணும், இல்லையென்றால் இலை கருகிவிடும். அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் வேலை அது. அந்தப் பெயர் ஒரு ஊர்ப் பெயர் என்று பிறகு ஒரு விவசாயப் பயிற்சியில்தான் கேள்விப்பட்டேன். போர்டோவில் ரோட்டோரத் தோட்டக்காரர்கள், போகிற வருகிறவர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்கட்டும் என்று இந்தக் கலவையைக் கொடியில் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885இல் எழுதி வெளியிட்டார். திருடனுக்கு வைத்த மருந்து நோய்க்கு ஆயிற்று. அப்பா சட்டையில் இருந்த நீலம் அந்த ஊர் நீலம்தான். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவருக்கு இருந்த கூச்சம் அப்போதுதான் விட்டது.

சரி, குடித்த கதைக்கு வருகிறேன். கோழிக் குழம்பு பிசைந்த சோறு ஒரு வாய், அதற்கு மேல் சிவப்பு ஒயின் ஒரு மடக்கு. வாயெல்லாம் தீ. எங்க வீட்டுக் குழம்பு அவ்வளவு காரமே இல்லை, இந்தத் தண்ணி உள்ளே போனதும் மிளகாய் இரண்டு மடங்கானது. கூடவே பன்னீர் விதையைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளுமே, அந்தத் துவர்ப்பு. மாப்பிள்ளை விளக்கினார். காரம் சுடுவதை உணர்கிற அதே நரம்பைத்தான் ஆல்கஹாலும் தட்டுமாம். இதில் 13.5 சதவீதம் இருந்தது. துவர்ப்பு, தோலிலும் விதையிலும் இருந்து வருகிற டானின். அது எச்சிலில் உள்ள வழுவழுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விடும், நாக்கு காய்ந்துவிடும்.

ஆனால் அதே ஒயினை மட்டன் சுக்காவோடு குடித்தபோது ஆளே மாறிவிட்டது. கொழுப்பும் கறியும் நாக்கில் இருக்கும்போது டானினுக்கு இழுக்க வேறு ஆள் கிடைத்துவிடுகிறது போல. துவர்ப்பு அடங்கி, பின்னாலேயே மிளகு வாசம் எழுந்தது. இரண்டாவது துண்டுக்கு நானாகவே கிளாஸை எடுத்தேன். வலது கை பூராவும் மசாலா, இடது கையில் அந்த ஒல்லிக் கால் கிளாஸ். கையால் சாப்பிடுகிறவனுக்காகச் செய்த பாத்திரம் இல்லை அது.

கருவாட்டோடு சிவப்பைக் குடித்துப் பார்த்தேன். அதை மட்டும் யாரும் செய்யாதீங்க. துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி இருந்தது. வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "தோட்டத்துல மருந்து வாயில தெறிச்சப்பகூட இப்படி மூஞ்சிய வைக்கலையேங்க."

கருவாட்டுக்கு இரண்டாவது பாட்டில். நாசிக் பக்கத்து வெள்ளை, சாவின்யோன் பிளாங். ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று இருந்தது. தனியாகக் குடித்தால் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி புளிப்பு. ஆனால் புளி ஊற்றின குழம்புக்கு அந்தப் புளிப்புதான் சரி. குழம்பை விடப் புளிப்புக் குறைந்த ஒயின் என்றால் சப்பென்று தண்ணீர் மாதிரி ஆகிவிடுமாம். இரண்டு புளிப்பும் ஒன்றையொன்று சமாளித்துக்கொண்டன. கருவாட்டுக் கவிச்சியும் அடங்கியது.

ரசத்துக்கு எதுவும் ஒத்துவரவில்லை. மூன்றையும் வைத்துப் பார்த்தோம். கொதிக்கக் கொதிக்க ரசத்தைக் குடிக்கிறவனுக்குப் பக்கத்தில் இன்னொரு திரவம் எதற்கு? ரசமே ஒரு பானம்தானே. மோரும் அப்படித்தான். இந்த ஜோடி சேர்க்கிற வித்தையெல்லாம் ஒரு தட்டில் ஒரே பதார்த்தம் வருகிற ஊரில் பிறந்தது. நம்ம இலையில் ஒரு வாய் புளிப்பு, அடுத்த வாய் காரம், நடுவில் ஒரு கடி ஊறுகாய். வாய்க்கு வாய் பாட்டில் மாற்ற முடியுமா? எல்லாரோடும் அனுசரித்துப் போகிற ஒன்றைத்தான் தேட வேண்டும், வீட்டுக்கு மருமகள் பார்க்கிற மாதிரி.

அப்படி அமைந்தது மூன்றாவது. இத்தாலியில் அஸ்தி என்ற ஊர்ப் பக்கத்து மொஸ்காட்டோ. 5.5 சதவீதம்தான், இனிப்பு, லேசாக நுரைக்கும். என்னிடம் கேட்டிருந்தால் இதை ஜூஸ் என்று தள்ளியிருப்பேன். ஆனால் முதலில் தீப்பிடிக்க வைத்த அதே கோழிக் குழம்புக்கு இதுதான் பொருந்தியது. இனிப்பு காரத்தை அமர்த்துகிறது, ஆல்கஹால் குறைவு என்பதால் மறுபடி கிளப்பிவிடுவதில்லை, நுரை எண்ணெயைக் கழுவி விடுகிறது. பழக்கம் இல்லாதவர்கள் நம்ம வீட்டுக் காரச் சாப்பாட்டோடு பார்க்க நினைத்தால் இங்கிருந்து ஆரம்பிக்கலாம். குடியைப் பரிந்துரைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரலுக்குச் சாராயம், ஒயின் என்ற பாகுபாடு கிடையாது. குடிக்காதவர்கள் இழந்தது ஒன்றுமில்லை, மோர் இருக்கிறது.

மொஸ்காட்டோ கிளாஸை மூக்குக்கிட்டே கொண்டு போனதும் நான் நிறுத்திவிட்டேன். தெரிந்த வாசம். எங்கே என்று பிடிபடவில்லை. பேசாமல் கிளாஸை அம்மா பக்கம் நகர்த்தினேன். "குடிக்க வேணாம்மா. மோந்து மட்டும் பாருங்க."

அதுவரை அம்மா எதையும் கவனிக்காத மாதிரி சோற்றைப் பிசைந்துகொண்டுதான் இருந்தாங்க. இருமல் மருந்தை மோந்து பார்க்கிற அதே தோரணையில் வாங்கி மோந்தாங்க. கிளாஸைக் கீழே வைக்கவில்லை. மறுபடி மோந்தாங்க.

"இது நம்ம பந்தலுடா. பழுக்குற சமயம் விடிகாலைல உள்ள நுழைஞ்சா வருமே, அது."

மாப்பிள்ளை உடனே போனை எடுத்துப் பார்த்தார். நம்ம பன்னீருக்குப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க், 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் உருவான ரகம். அதன் தாய் தகப்பனில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. அந்த அலெக்சாண்ட்ரியாவைப் பெற்றதில் ஒன்று, இந்த மொஸ்காட்டோ செய்கிற சின்ன மணி வெள்ளை மஸ்கட். ஆக, பாட்டிலுக்குள் இருக்கிறவர் நம்ம பன்னீருக்குத் தாத்தா முறை. எங்க பழம் கை நிறைய எடுத்துத் தின்பதற்கு என்று பெருத்தது. ஒயின் திராட்சைகள் சின்ன மணி, தடித்த தோல். ஆனாலும் வாசம் குடும்பத்தில் தொடர்ந்து வந்திருக்கிறது. கொண்டு போன பெட்டியிலிருந்து ஒரு கொத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஒரு பழம், ஒரு மோப்பம் என்று எல்லாரும் பார்த்தோம்.

அம்மா குடிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, மூன்று பாட்டிலிலும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைத்தான் அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாங்க. மூடி போட்டு மாப்பிள்ளை உள்ளே கொண்டு போய் வைக்கும் வரைக்கும்.

"மிச்சம் வைப்பாங்களா இத?" என்றாங்க என்னிடம், மெதுவாக. பிறகு, "உங்கய்யா சோத்தத் தொடாம குடிச்சாருடா" என்றாங்க. அதோடு எழுந்து போய் இலைகளை மடக்க ஆரம்பித்தாங்க. மருமகள் தடுத்தும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டாங்க என்று நினைத்தேன். ஓசூர் தாண்டியிருக்கும். கண்ணை மூடியபடியே கேட்டாங்க.

"ஒரு பாட்டிலுக்கு எத்தன கிலோ பழம் புடிக்குமாம்?"

"ஒண்ணே கால் கிலோ வரைக்கும் ஆகும்னு மாப்பிள்ளை சொன்னார்மா."

"அந்தக் கடைசி பாட்டிலு என்ன வெல?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. கணக்குப் போடுகிறாங்க என்று தெரிந்தது.

"அந்த இத்தாலிக்காரனுக்குத் தோட்டத்துல கிலோ என்ன வெலைக்கு எடுக்குறாங்க?"

"தெரியலம்மா."

"மாப்பிள்ளைகிட்ட கேட்டு வை" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாங்க.