98 என்று காட்டினால் போதுமா?

எண்டோஸ்கோபி என்றாலே தொண்டைக்குள் போகும் குழாயை நினைத்துத்தான் எல்லோருக்கும் பயம். ஆனால் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. டாக்டர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மயக்கத்தில் இருப்பவரின் மூச்சை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் 2014 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கில் தொண்டைக்கும் இரைப்பைக்கும் பரிசோதனை செய்துகொள்ளப் போனார். வயது 81. போன அன்றே வீடு திரும்பிவிடக்கூடிய பரிசோதனைதான். புரொபோஃபால் மயக்கத்தில் இருந்தபோது ஆக்சிஜன் குறைந்து இதயம் நின்றது. செப்டம்பர் 4 அன்று இறந்துபோனார். உடல்நிலை சரிவதைக் கண்டுகொண்டு உரிய நேரத்தில் செயல்படத் தவறிவிட்டார்கள் என்று பிறகு அரசு விசாரணை சொன்னது.

அத்தனை கருவிகள் இருக்கும் ஊரில் இது எப்படி நடக்கும்?

மயக்க மருந்து இரண்டு வேலை செய்கிறது. மூச்சுவிடும்படி மூளை தரும் உத்தரவைக் குறைக்கிறது. தொண்டைத் தசைகளைத் தளர்த்துகிறது. நாக்கு பின்னால் சரிந்து காற்றுப்பாதையை அடைக்கிறது. குழாயும் அதே தொண்டை வழியாகத்தான் போகிறது. தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுபவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

சரி, விரலில் கிளிப் மாதிரி மாட்டுகிறார்களே, அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் காட்டிக்கொடுக்காதா? காட்டும், ஆனால் தாமதமாக. அது அளப்பது ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை, மூச்சை அல்ல. மோட்டார் நின்றுபோனாலும் மாடித் தொட்டி நிறைய இருந்தால் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் இல்லையா? அதே கதைதான்.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகும் பெரியவர்களின் நுரையீரலில் ஏறத்தாழ 2.5 லிட்டர் காற்று மிச்சம் இருக்கும். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம்கூட இல்லை, அரை லிட்டருக்கும் குறைவுதான். உடல் நிமிடத்துக்கு 250 மில்லி செலவழிக்கிறது. அதனால் மூச்சு நின்றால் ஓரிரு நிமிடத்தில் ஆபத்து. முன்கூட்டியே நல்ல ஆக்சிஜன் கொடுத்து வைத்தால் இந்தக் கையிருப்பு பல மடங்கு கூடும். அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அதே காரணத்தால் மூச்சு நின்ற பிறகும் திரையில் 98 தெரிந்துகொண்டிருக்கும்! 90-க்குக் கீழே இறங்கிவிட்டாலோ சரிவு மளமளவென்று நடக்கும்.

அதனால் தொட்டியை மட்டும் பார்த்தால் போதாது, மோட்டாரையும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கேப்னோகிராபி. வெளிவிடும் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை அளந்து, ஒவ்வொரு மூச்சையும் திரையில் ஒரு சின்னக் குன்றாக வரையும். மூச்சு நின்றால் சில நொடிகளிலேயே கோடு படுத்துவிடும். 2011 முதல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் விதிகளில் இதுவும் சேர்ந்துவிட்டது.

நோயாளிக்கு மூக்கு வழியாக அதிவேகமாக, ஈரப்பதமும் வெப்பமும் ஏற்றிய ஆக்சிஜன் கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. சீனாவில் ஏறத்தாழ 2000 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், சாதாரண மூக்குக்குழாய் வைத்தவர்களில் 8.4 சதவீதம் பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது. இந்த முறையில் ஒருவருக்கும் குறையவில்லை.

இந்த வசதிகள் இல்லாத இடங்களில் என்ன செய்வது? மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். குறட்டைச் சத்தம் வந்தால் தாடையை முன்னால் தூக்கிப் பிடிக்கலாம். பெரும்பாலும் அதுவே போதும். போதவில்லை என்றால் குழாயை வெளியே எடுத்துவிட்டு மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். ஆனால் இதைப் பார்ப்பவருக்கு அப்போது வேறு வேலை இருக்கக் கூடாது. டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுத்துக்கொண்டே மூச்சையும் கவனிக்க முடியாது.

அதைவிட முக்கியம், "டாக்டர், மூச்சு சரியில்லை" என்று ஒரு நர்ஸ் சொன்னால், "இதோ, ஒரு நிமிஷம்" என்று பதில் வரக் கூடாது. அந்த ஒரு நிமிடம்தான் நோயாளியிடம் மிச்சமிருக்கும் கையிருப்பு. பரிசோதனையை நாளைக்குக்கூடச் செய்துகொள்ளலாம்.

பரிசோதனைக்குப் போகிறவர்களும் குறட்டை விடும் பழக்கத்தை வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். கூடவே, "மயக்கத்தில் இருக்கும்போது மூச்சை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றும் கேட்டுவிடலாம். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.