பெயர் சொல்லப்படாத பிள்ளை



திரைப்படம் ஒன்றைப் பற்றி இங்கு எழுதுவது சிலருக்கு நெருடலாக இருக்கக்கூடும். எங்கள் வீட்டிலும் படம் பார்க்கும் வழக்கம் அதிகம் இல்லை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, இஷா தொழுகைக்குப் பின், குடும்பம் முழுவதும் கூடத்தில் அமர்ந்து ஒரு பழைய கௌபாய் படத்தைப் பார்த்தோம். திரைக்கலை படிக்கும் தங்கை மகன், கல்லூரிக் கட்டுரைக்காக அதைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. தனியாகப் பார்க்கச் சலிப்பாக இருக்கிறது என்று மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டான். ஆபாசம் ஏதும் இல்லை என்று உறுதி சொன்னதால் பெரியவர்களும் அமர்ந்தார்கள். அந்த 82 நிமிடங்களும், அதன்பின் எழுந்த பேச்சும் எங்கள் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

படத்தின் பெயர் ‘தி ஷூட்டிங்’. மான்டி ஹெல்மன் இயக்கியது. 1966-ஆம் ஆண்டுப் படம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கனாப் என்னும் ஊரையொட்டிய பாலைநிலத்தில், சுமார் 75,000 டாலர் செலவில் எடுத்திருக்கிறார்கள். அந்தத் தொழிலில் அது மிகச் சிறிய தொகையாம். அதே இடத்தில், அடுத்தடுத்து, இன்னொரு படத்தையும் எடுத்து முடித்திருக்கிறார்கள். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜாக் நிக்கல்சன் இதில் கூலிக் கொலையாளியாக வருகிறார். பணம் இல்லாததால் பெரிய நகரமோ கூட்டமோ நீதிமன்றமோ படத்தில் இல்லை. நான்கு பேர், சில குதிரைகள், மணல், வெயில், அவ்வளவுதான்.

கதையும் அப்படித்தான். சுரங்கக் கூடாரத்துக்குத் திரும்பும் வில்லெட் கேஷேட், தன் கூட்டாளி சுட்டுக் கொல்லப்பட்டிருப்பதையும், தன் சகோதரன் காயின் ஓடிவிட்டதையும் அறிகிறான். நகரத்தில் காயின் யாரையோ குதிரையால் மிதித்துவிட்டானாம்; அது ஒரு சிறு பிள்ளையாகவும் இருக்கலாமாம். மறுபடி மறுபடி ‘இருக்கலாம்’ என்பதே கிடைக்கிறதே தவிர, உறுதியாக யாரும் எதையும் சொல்வதில்லை. பிறகு ஒரு பெண் வருகிறாள். தன் குதிரையின் கால் முறிந்துவிட்டதென்று அதைச் சுட்டுக் கொல்கிறாள். கேஷேட் பார்த்தால் அதன் காலில் முறிவே இல்லை. பணம் தருகிறேன், பாலை வழியே அழைத்துச் செல் என்கிறாள். கேஷேடும் அவன் நண்பன் கோலியும் அவளோடு புறப்படுகிறார்கள். கொலையாளி பின்தொடர்ந்து வந்து சேர்ந்துகொள்கிறான்.

‘சிறு பிள்ளை’ என்ற சொல் திரையில் வந்தவுடன் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அணைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பெரிய காக்கா சாய்வு நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருந்தார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன், மக்தபில் ஓதிவிட்டு வீடு திரும்பிய காக்காவின் எட்டு வயது மகன், தெருமுனையில் ஒரு வேன் மோதி மௌத்தாகிவிட்டான். ஓட்டியவன் இளைஞன். அன்றுமுதல் காக்காவிடம் ஒரு கோப்பு உண்டு. வழக்குத் தவணைகள், ஓட்டுநர் உரிமத்தின் நகல், அவன் குடியிருக்கும் தெரு, இப்போது அவன் ஓட்டும் வண்டியின் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒருநாள் இரவு அந்தத் தெருவின் முனையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தார் என்று பிறகு அறிந்தபோது நாங்கள் அஞ்சிப்போனோம். எதற்காக நின்றீர்கள் என்று கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை.

படத்துக்கு வருவோம். தண்ணீர் குறைகிறது, குதிரைகள் குறைகின்றன. வெள்ளந்தியான கோலி கொலையாளியின் குண்டுக்கு இரையாகிறான். அவன் அந்தப் பெண்ணுக்கு எந்தத் தீங்கும் செய்தவன் அல்லன். சொல்லப்போனால் அவள்மீது அன்பு கொண்டிருந்தவன். இறுதியில், நடக்கவும் வலுவற்ற நிலையில், அவள் ஒரு பாறைமேட்டில் ஏறுகிறாள். கேஷேட் தடுக்க ஓடுகிறான். துப்பாக்கி வெடிக்கிறது. துரத்தப்பட்டவன் முகம் திரும்புகிறது. அது கேஷேடின் முகமேதான். இரட்டையர். வாரன் ஓட்ஸ் என்ற ஒரே நடிகர் இரண்டு வேடத்திலும். அத்தோடு படம் முடிந்துவிடுகிறது.

விளக்கைப் போட்டதும் கருத்துகள் எழுந்தன. மருமகனின் தம்பி, “இது படமே இல்லை, பாதியிலேயே காசு தீர்ந்துபோய் நிறுத்திவிட்டார்கள்” என்றான். ஒரு தங்கை, அந்தப் பெண் ஏன் வருகிறாள், யார் அவளை அனுப்பினார்கள் என்பதைக்கூடச் சொல்லாத கதை என்ன கதை என்று சலித்துக்கொண்டாள். கல்லூரி மருமகன் மட்டும் அதற்காக வாதாடினான்: காரணம் தெரியாமல் இழுத்துச் செல்லப்படுகிறவர்களின் நிலையில் நம்மையும் வைக்கிறார்கள், அதுதான் இதன் பலம் என்றான். பொதுவாகவே இந்தப் படம் பார்ப்பவர்களை இப்படித்தான் இரண்டாகப் பிரிக்கும் போலும். எங்களுக்கும் முதலில் தங்கையின் பக்கமே நியாயமாகத் தோன்றியது. உம்மாவுக்கு வேறு கவலை: “அந்தக் குதிரை என்ன பாவம் செய்தது?”

மதினி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, பாலை நடுவே கால் முறிந்து கிடந்த தாடிக்காரனுக்கு அந்தப் பெண் தன் தண்ணீர்க் குடுவையைக் கொடுத்தாளே, அந்த இடம்தான் மனத்தில் நிற்கிறது என்றார். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும். விபத்து நடந்த மூன்றாம் மாதம், வேன் ஓட்டிய இளைஞன் தன் தகப்பனாரோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். காக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. மதினிதான் இரண்டு குவளைத் தண்ணீரை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

அப்போதுதான் காக்கா கேட்டார்: “அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்? ஒரு தடவையாவது சொன்னார்களா?”

சொல்லவில்லை. மருமகன் யோசித்துப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் படத்தில் காட்டவும் இல்லை, அது அவளுடைய பிள்ளைதானா என்றுகூடத் தெளிவாக இல்லை என்றான். அவள் வாயிலிருந்து அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வழி எது, தண்ணீர் எவ்வளவு, இன்னும் எவ்வளவு தூரம் என்பவையே பேச்சு. யாருக்காகப் புறப்பட்டாளோ அந்தப் பிள்ளை அந்தப் பாலையில் எங்குமே இல்லை.

கூடத்தில் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் இந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை அந்த ஓட்டுநரின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது, எத்தனை முறை எங்கள் பிள்ளையின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது என்று நாங்கள் ஒவ்வொருவரும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம் என்றே நினைக்கிறோம்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். தவறுதலாக நேர்ந்த கொலைக்குக் கிஸாஸ் இல்லை. ஈட்டுத்தொகையும் கஃபாராவும் உண்டு. ஈட்டுத்தொகையை விட்டுக்கொடுக்கும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு. ஆலிம்கள் பலமுறை எடுத்துச் சொல்லிவிட்டார்கள். காக்காவும் தலையாட்டிக் கேட்டிருக்கிறார். ஆனால் அன்றிரவு எங்கள் நினைவுக்கு வந்தது சட்டம் அன்று, ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு அரஃபாவில் நிகழ்ந்த இறுதிப் பேருரை. அறியாமைக் காலத்து இரத்தப் பழிகள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன என்று அறிவித்த நபி (ஸல்) அவர்கள், முதலாவதாகத் தம் சொந்தக் குடும்பத்துப் பழியையே கைவிட்டார்கள். அது தம் பெரிய தகப்பனார் ஹாரிஸின் மகனான ரபீஆவுடைய பிள்ளையின் இரத்தம். பனூ ஸஃது கோத்திரத்தில் பால்குடிக்க விடப்பட்டிருந்தபோது ஹுதைல் கோத்திரத்தாரால் கொல்லப்பட்ட குழந்தை. அத்தனை பெரிய மக்கள் திரளின் முன், அந்தக் குழந்தை யாருடைய மகன், எங்கே பால்குடித்து வளர்ந்தது என்பதெல்லாம் சொல்லப்பட்டது. பழி கைவிடப்பட்டது, பிள்ளை மறக்கப்படவில்லை. இந்த ஹதீஸை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். அதற்குள் ஒரு பால்குடிப் பிள்ளை இருப்பதை அன்றுதான் கவனித்தோம்.

உம்மாவின் கைத்தடியை எடுத்துக் கொடுக்க எழுந்த மதினி, பாதி வழியில் நின்று, “அவன் ஏன் அந்தத் தெரு வழியாகப் போனான் தெரியுமா?” என்றார். எவரும் பதில் சொல்லவில்லை. காக்காதான் சொன்னார். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் ஆட்டுக்குட்டி ஒன்று இருந்ததாம். ஓதி முடித்துவிட்டு, சுற்று வழியானாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவானாம். குட்டிக்கு ஒரு பெயரும் வைத்திருந்தானாம். சொல்லும்போது காக்கா மகனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார், ஒருமுறை அல்ல, நான்கைந்து முறை. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, அது அவருடையது.

பிள்ளைகள் அங்கேயே உறங்கிவிட்டார்கள். செருப்பை இடம் மாற்றிப் போடுவான், ஓதும்போது ஒரு எழுத்தை மட்டும் எப்போதும் தவறாகவே உச்சரிப்பான், நோன்பு நேரத்தில் ஒளிந்து தண்ணீர் குடித்துவிட்டு மீசைபோல் ஈரத்தோடு வந்து நிற்பான் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மதினி சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

கோப்பு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அடுத்த தவணை வரும் மாதம். காக்கா போவாரா, போனால் அந்த இளைஞனின் முகத்தைப் பார்ப்பாரா என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கல்லூரி மருமகன் மட்டும் தன் கட்டுரையை இன்னும் எழுதி முடிக்கவில்லை. முதல் பத்தியைத் திரும்பத் திரும்ப அடித்து எழுதிக்கொண்டிருக்கிறான்.