இறங்கட்டும் என்று காத்திருந்த டாலர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஆலைக் கணக்குப் பிரிவில் என் உத்தியோக காலம் கழிந்தது. காலையில் வந்ததும் இரும்பு விலையைக் கேட்பதற்கு முன் டாலர் விலையைக் கேட்போம். உலையில் போடும் ஸ்கிராப்பில் ஒரு பகுதி கப்பலில் வரும். வங்கியின் உறுதிக் கடிதமான எல்.சி. திறந்து, 90 நாள் கழித்துப் பணம் கட்டவேண்டும். ஒரு லட்சம் டாலர் சரக்கென்றால், டாலர் ஒரு ரூபாய் ஏறினாலே கையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் போகும்.

இந்தத் தலைவலி எங்களிடம் வந்தது 1993 மார்ச்சில். ரூபாயின் மதிப்பை அதுவரை முழுதாகவோ ஓரளவோ ரிசர்வ் வங்கி நிர்ணயித்தது. பிறகு சந்தை பார்த்துக்கொண்டது. அப்போது கவர்னர் சி. ரங்கராஜன், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பத்தாண்டுக்கு மேல் பாடம் நடத்திய பொருளாதாரப் பேராசிரியர்.

அவரிடம் நான் கற்றது 1991 சம்பவத்தில். அந்நியச் செலாவணி கரைந்துபோன நேரம். அவர் துணை கவர்னர். ஜூலை 1 அன்று ரூபாய் மதிப்பைக் கொஞ்சம் குறைத்து, சந்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். ஜூலை 3 அன்று இரண்டாம் வெட்டு. அதை நிறுத்த முடியுமா என்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் அன்று காலை தொலைபேசியில் கேட்டபோது, ரங்கராஜன் அறிவித்து முடித்திருந்தார். யோசிக்கிறவரை யோசித்தார்கள், முடிவான பிறகு இழுக்கவில்லை.

எங்கள் பக்கம் நேர்மாறு. சரக்கு வாங்கும் முடிவு உடனே ஆகும்; பின்னால் கட்டவேண்டிய டாலரின் விலையை இன்றே வங்கியிடம் உறுதிசெய்துகொள்ளும் பார்வர்டு புக்கிங் மட்டும் நிற்கும். "இறங்கிரும் சார், ரெண்டு நாள் பொறுங்க" என்பார் முதலாளி. அதற்குப் பிரீமியம் கட்டுவது அவருக்குத் தண்டச் செலவு. டாலரின் போக்கைக் கணிக்கும் பொருளாதார மாதிரிகள், 'இன்றைய விலையே நாளைக்கும்' என்று சொல்வதைவிடத் தேறவில்லை என்று 1983-லேயே மீஸ், ரோகாஃப் என்ற இருவர் காட்டிவிட்டார்கள். முதலாளிக்கு மட்டும் எங்கிருந்து தெரியும்?

2013 ஜூன் தொடக்கத்தில் டாலர் 57 ரூபாய்க்குள் இருந்தது. ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. பார்வர்டு போடாமல் விட்ட ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் பதினொரு லட்சம் ரூபாய் கூடுதல். கம்பியில் கிடைக்கிற லாபம் அதற்கு எந்த மூலைக்கு?

இப்போது ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம், எல்.சி. விண்ணப்பத்தையும் பார்வர்டு கடிதத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்து ஒரே நாளில் வங்கிக்கு அனுப்பச் சொல்கிறேன். மறுநாள் டாலர் இறங்கினால் திட்டுவார்கள்தான், திட்டட்டும்.