சார்புகளை அறிவித்தல்: பொதி கட்டிய அனுபவமும் பதிப்புநெறியும்

கொல்கத்தாவின் பவானிபூரில் விடுதியறை ஒன்றில் தங்கி, ஆதிகங்கைக் கால்வாயைக் கடந்து ஆலிப்பூர் பெல்வெடேர் வளாகத்திலுள்ள தேசிய நூலகத்திற்கு நாள்தோறும் சென்றுவந்தேன். பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளையின் (1891–1956) நூற்றொகுதி அங்குப் பேணப்படுவதைத் தமிழாய்வாளர் அறிவர். பகலில் எடுத்த குறிப்புகளைக்கொண்டு இரவில் சொல்லடைவு ஒன்றை உருவாக்கினேன். அதனைத் தேடும் சிறு நிரலுடன் சேர்த்து, லினக்சு வகைகளுள் ஒன்றான டெபியனில் எவரும் நிறுவிக்கொள்ளத்தக்க பொதியாகக் கட்ட முனைந்தேன்.

டெபியன் பொதி மூன்று உறுப்புகளை உடையது. பொதி வடிவத்தின் எண் முதலாவது. பெயர், பதிப்பெண், பொறுப்பாளர், சார்புகள் முதலியவற்றைக் கூறும் கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டாவது. நிறுவப்பட வேண்டிய கோப்புகள் மூன்றாவது. இக்கோப்புகளோடு உரிமக் குறிப்பும் மாற்றக் குறிப்பும் உடன்வைக்கப்பெறும்.

என் கணினியில் செவ்வனே இயங்கிய பொதியை, அதே விடுதியில் தங்கியிருந்த வங்காள ஆய்வாளர் ஒருவரின் கணினியில் நிறுவினேன். நிறுவல் தடையின்றி முடிந்தது. ஆயின் திரையில் தமிழுக்கு மாறாக வெற்றுக் கட்டங்களே நிரம்பின. “உங்கள் மொழியின் எழுத்துகள் எல்லாம் ஒன்றுபோலவே உள்ளனவே” என்று அவர் நகைத்தார். தமிழ் எழுத்துரு என் கணினியில் முன்னரே இருந்தமையால் அதன் தேவை எனக்குப் புலப்படவில்லை. சார்பு வரியில் லோகித் தமிழ் எழுத்துருப் பொதியின் பெயரைச் சேர்த்து, பதிப்பெண்ணை உயர்த்தி, மாற்றக் குறிப்பில் காரணத்தையும் எழுதி மீண்டும் கட்டினேன். இம்முறை எழுத்துருவும் இணையவழி உடன்வந்து சேர்ந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கொல்கத்தாவிற்குப் புறப்படுமுன் மாணவி ஒருவர், என் முனைவர்பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பான சொல்லடைவில் உள்ள சில சொற்கள் தம்மிடமுள்ள பதிப்பில் இல்லையே என வினவியிருந்தார். பாடவேறுபாடாக இருக்கலாம் என்று மட்டும் விடையிறுத்தேன். எப்பதிப்பைத் தழுவி அவ்வடைவு அமைந்தது என்பதை ஆய்வேட்டில் யான் எங்கும் குறிக்கவில்லை. அப்பதிப்பு என் மேசைமேலேயே இருந்தமையால் குறிக்கத் தோன்றவுமில்லை. திஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களில் உள்ளிட்ட ஆய்வுக் கோப்புகள், உரிய எழுத்துரு எதுவெனக் குறிக்கப்படாமையால் படிக்கவியலாது கிடப்பதும் இவ்வகைப் பிழையே.

உ.வே.சாமிநாதையர் தம் பதிப்பு முகவுரைகளில் ஒப்புநோக்கிய ஏட்டுப்படிகளையும் அவற்றை அளித்தோரையும் முறையே குறித்தார். அதனை நன்றியுரை என்றே இதுகாறும் கருதியிருந்தேன். அஃது ஒரு சார்புப் பட்டியலுமாகும் என்பதைப் பவானிபூரில் உணர்ந்தேன். தான் எதனைச் சார்ந்துள்ளது என்பதைக் கூறாத ஆய்வு, ஆய்வாளனின் மேசையில் மட்டுமே இயங்கும்.

மறுநாள் காலை அம்மாணவிக்குப் பதிப்பாசிரியர் பெயரையும் ஆண்டையும் எழுதி அனுப்பினேன்.