பாதிரியார் வீடும் எங்கள் தறிக்குழியும்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் காலம் தள்ளிய பிரம்மச்சாரிகளுக்கு ஒரு நல்ல செய்தி. உங்கள் மேன்ஷனுக்கு ஸ்காட்லாந்தில் ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார். பெயர், மேன்ஸ்! அந்த ஊரில் பாதிரியார் குடியிருக்கும் வீட்டுக்கு அப்படித்தான் பெயர். இரண்டுமே 'தங்குதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்தவை. இங்கே நம்மோடு மூட்டைப்பூச்சி தங்கும். அங்கே குளிர்.

மேன்ஸ் பாதிரியாருக்குச் சொந்தமில்லை. வேலையோடு வரும், வேலையோடு போகும். கட்டிக் கொடுக்கவேண்டியது அந்த வட்டாரத்து நிலச்சுவான்தார்களின் பொறுப்பு. எவ்வளவு செலவழிக்கவேண்டும் என்று 1663-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தப் பாரம் அவர்கள் தலையை விட்டு இறங்கியது 1925-ல் வந்த இன்னொரு சட்டத்தில்தான். வீட்டு வாடகைப் படியில் நூறு ரூபாய் ஏற்றச் சொல்லி வருஷக்கணக்கில் மனு போடும் நமக்கு வயிறு எரிகிறதா, இல்லையா? ரொம்ப எரிய வேண்டாம். பாதிரியார் கண்ணை மூடினால், மனைவி மக்கள் மூட்டை கட்டவேண்டியதுதான்.

குழந்தையிடம் சிலேட்டைக் கொடுத்து வீடு வரையச் சொன்னால் ஒன்று வரையுமே... நடுவில் கதவு, இரண்டு பக்கமும் ஜன்னல், மேலே ஒரு மாடி, கூரையின் இரு முனையிலும் புகைபோக்கி. கிராமத்து மேன்ஸ் பெரும்பாலும் அதேதான். உள்ளே ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எழுத ஒரு படிப்பறை. வீடும் ஆபீஸும் ஒன்று!

அதைவிடப் பழசு ஒன்று கிளாஸ்கோ நகரில் இருக்கிறது. ப்ரோவண்ட்ஸ் லார்ட்ஷிப். 1471-ல் ஆண்ட்ரூ மியூர்ஹெட் என்ற பிஷப் கட்டியது. கனத்த கல்சுவர். கூரை முனைச் சுவர்கள் மாடிப்படி மாதிரி ஏறி இறங்கும். தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று அடுக்கு, அடுக்குக்கு மூன்று அறை, குளிர்காயக் கணப்பு. அப்போது குருமார்கள் கல்யாணமாகாதவர்கள். அறைக்கு ஒருத்தர் என்ற கணக்கைப் பார்த்தால் நம்ம மேன்ஷனேதான் ஸார்!

கதீட்ரலைச் சுற்றி அந்தக் காலத்தில் இருந்த குருமார் வீடுகளில் மிச்சம் இது ஒன்றுதான். எப்படித் தப்பித்தது? பாதிரிமார் போன பிறகும் யாராவது ஒருத்தர் அதில் பிழைப்பு நடத்திக்கொண்டே இருந்தார்கள். மதுக்கடை நடந்தது. மிட்டாய்க் கடை நடந்தது. பக்கத்தில் ஒட்டிப் போட்ட சார்ப்பில் ஊர்த் தூக்குக்காரர் இருந்தாராம். 1906-ல் அதைக் காப்பாற்றவே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இப்போது மியூசியம்.

அதே வீதியில் கீழே இறங்கினால் அன்றைய கிளாஸ்கோ பல்கலைக்கழகம். 1837-ல் அங்கே பட்டம் வாங்கிய ஓர் இளைஞரை உங்களுக்குத் தெரியும். ராபர்ட் கால்டுவெல்! 1838-ல் சென்னையில் இறங்கி, 1841-ல் திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே போய், இடையன்குடியில் குடியேறினார். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1891-ல் அவர் உயிர் பிரிந்தது நம்ம பக்கத்துக் கொடைக்கானலில். அவர் வாழ்ந்த இடையன்குடி வீடு இன்று அரசு நினைவு இல்லம். வந்து பார்க்கிறவர்கள் சுவரையா பார்க்கிறார்கள்? அங்கே நடந்த வேலையைத்தான்.

இதையெல்லாம் நான் நோண்டியதற்குக் காரணம் ஆண்டிபட்டியில் இருக்கும் எங்கள் வீடு. சக்கம்பட்டி நெசவாளி வீடு. அதுவும் ஒரு வகையில் மேன்ஸ்தான். முன்கூடம் முழுக்கத் தறிக்கு. வெளிச்சம் விழத் தறியை ஒட்டி ஜன்னல். மிதிப்பதற்குத் தரையில் குழி. குழியின் ஈரத்தால் பாவு நூல் காய்ந்து அறுந்துபோகாது. மீதி இடத்தில் நாங்கள் அஞ்சு பேர். வீட்டுக்குள் தறி இல்லை ஸார், தறிக்குள் வீடு!

அப்பாவுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. தறி நின்று இரண்டு வருஷமாகிறது. நானும் அண்ணனும் ஆபீஸ் பைல் தூக்குகிற ஜாதியாகிவிட்டோம்.

"குழியில மண்ணைக் கொட்டி டைல்ஸ் ஒட்டிருவோம்டா. பிள்ளைகளுக்குக் காலாற நடக்க இடமாச்சு" என்றார் அண்ணன். மதினி மார்பிள் மாடலே பார்த்து வைத்திருந்தார். தப்பே இல்லை. குடியிருக்கிறவர்களுக்குத்தானே வீடு?

நான் கிளாஸ்கோ கதையைச் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும் என்று கால்டுவெல்லையும் துணைக்கு இழுத்தேன்.

அண்ணன் சிரித்தார். "ஆமா, அப்பா இலக்கணம் எழுதுனாரு, சர்க்காரு வந்து நினைவு இல்லம் கட்டப்போகுது!"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் நெய்த சேலைகளை யாரோ கட்டி, கிழித்து, குழந்தைக்குத் தூளியும் கட்டியிருப்பார்கள். அதில் எதிலும் அவர் பேர் கிடையாது. அவர் வேலைக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்த மூன்றடிப் பள்ளம்.

திண்ணையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஏப்பா, மண்ணு வேணாம். பலகை போட்டு மூடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானப்பா?"

"மண்ணு போட்டா முடிஞ்சுபோச்சு. பலகைன்னா எடுத்துக்கிறலாம்ல."

தச்சரைக் கூப்பிட்டோம். வேப்பம்பலகை, ஆறு துண்டு. அதன் மேல் இப்போது அண்ணனின் பைக் நிற்கிறது.

நிற்கட்டும். கிளாஸ்கோ வீட்டிலும் நடுவில் மிட்டாய்க் கடைதானே நடந்தது!